கட்டடம் நிற்க, உட்கூரை விழுவது ஏன்?

நிலநடுக்கச் செய்திகளோடு வெளிவரும் படங்களில் ஒருவகைப் படம் பார்ப்பவரைக் குழப்பக்கூடியது. தூண்களில் ஒரு கீறல்கூட இல்லை, சுவர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, மேல்தளம் அப்படியே இருக்கிறது. ஆனால் தலைக்கு மேல் அழகாகப் பதிக்கப்பட்டிருந்த உலோகத் தகடுகளும் விளக்குகளும் கம்பிகளும் தரையில் குவிந்து கிடக்கின்றன. பல ஆயிரம் டன் எடையுள்ள கட்டடம் தாங்கிக்கொண்ட குலுக்கலை, சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ அளவே எடையுள்ள ஓர் உட்கூரை ஏன் தாங்கவில்லை என்ற கேள்வி அப்போது எழுகிறது.

இக்கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 2003 செப்டம்பர் 26 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவை அடுத்த கடலில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, குஷிரோ விமான நிலையத்தின் உட்கூரை பெயர்ந்து விழுந்தது. நேரம் அதிகாலை 4.50 என்பதால் கூடத்தில் பயணிகள் இல்லை. 2010 பிப்ரவரியில் சிலி நாட்டை 8.8 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, சாந்தியாகோ விமான நிலையம் இடியாமல் நின்றும், உட்கூரையும் குழாய்களும் சேதமடைந்ததால் மூடப்பட்டது. 2011 மார்ச் 11 அன்று, நிலநடுக்க மையத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்த டோக்கியோவில், குதான் கைகான் அரங்கின் உட்கூரை ஒரு பட்டமளிப்பு விழாவின் நடுவே விழுந்து இருவர் உயிரிழந்தனர். அதே நாளில் உட்கூரையை இழந்த கவாசாகி நகரின் மியூசா இசையரங்கம் 2013 ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்விடங்களில் எல்லாம் கட்டடங்கள் தம் கடமையைச் செய்தன. தவறியது, கட்டடப் பொறியாளரின் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறாத ஓர் உறுப்பு.

தொங்கும் ஒரு தளத்தின் உடற்கூறு

பேச்சு வழக்கில் ஃபால்ஸ் சீலிங் எனப்படும் தொங்கு உட்கூரை, மேல்தளத்தின் கான்கிரீட்டுக்கும் அறைக்கும் நடுவே கம்பிகளால் தொங்கவிடப்படும் மெல்லிய தளமாகும். மேலே செல்லும் மின்கம்பிகள், குளிர்சாதனக் குழாய்கள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்கள் ஆகியவற்றை மறைப்பதும் ஓசையைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலைகள்.

கான்கிரீட்டில் அடிக்கப்பட்ட ஆங்கர்களிலிருந்து துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகள் செங்குத்தாக இறங்குகின்றன. அக்கம்பிகள், தலைகீழான ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வளைக்கப்பட்ட தகட்டுச் சட்டங்களைப் பிடித்துக்கொள்கின்றன. கூடத்தின் நீளத்துக்கு ஓடுபவை முதன்மைச் சட்டங்கள். வேலைத்தளங்களில் அவற்றுக்கு மெயின் டீ என்று பெயர். அவற்றுக்குக் குறுக்கே செருகப்படுபவை குறுக்குச் சட்டங்கள், அதாவது கிராஸ் டீ. இவ்விரண்டும் சேர்ந்து உருவாக்கும் கட்டங்களில் தகடுகள் அமர்கின்றன. தளம் சுவரைச் சந்திக்கும் இடத்தில், சுவரில் பதித்த ‘எல்’ வடிவப் பட்டையின் மீது சட்டங்களின் முனைகள் உட்காருகின்றன. இந்த இடத்தைச் சுவரோரத் தாங்கி எனலாம்.

உலோகத் தகடுகளுக்குத் தனிக் குணங்கள் உண்டு. 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 1.9 கிலோ எடையும், 0.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 3.9 கிலோ எடையும் கொண்டவை. மடிப்புகள், சட்டங்கள், ஓசையை உறிஞ்சும் பஞ்சுப் பட்டை, விளக்குகள் எல்லாம் சேரும்போது மொத்த எடை பத்துக் கிலோவை நெருங்கிவிடும். ஜிப்சம் பலகையைப் போல உலோகம் நொறுங்குவதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் அது விழும்போது அதன் விளிம்பு கூர்மையானது. நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விளிம்பு கீழ்நோக்கி விழும் தகடு, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும்.

எடையின் கேள்வி வேறு, குலுக்கலின் கேள்வி வேறு

மேற்கண்ட அமைப்பு ஒரே ஒரு கேள்விக்கு விடையாக உருவானது: கீழ்நோக்கிய எடையை எது தாங்கும்? அதற்கான விடை மிகவும் வலுவானது. இரும்புக் கம்பி சுமார் 2.7 மில்லிமீட்டர் விட்டம் உடையதானால், அறுபடுவதற்கு முன் இருநூறு கிலோ அளவுக்குத் தாங்கவல்லது. அதன்மீது வழக்கமாக விழும் சுமையோ பதினைந்து கிலோவுக்கும் குறைவு.

நிலநடுக்கம் எழுப்பும் கேள்வி பக்கவாட்டைப் பற்றியது. தரை இடமும் வலமுமாக ஓடும்போது கட்டடமும் அதனுடன் ஓடுகிறது. மேல்தளத்தோடு கட்டப்பட்ட எந்தப் பொருளும் ஓடியாக வேண்டும். ஓடவைப்பதற்கு ஒரு விசை தேவை, அந்த விசை அப்பொருளை வந்தடைய ஒரு வழியும் தேவை. விசை செல்லும் இவ்வழியை விசைப்பாதை என்று அழைக்கலாம். செங்குத்தான கம்பி பக்கவாட்டு விசையைக் கொண்டுசெல்ல முடியாது. அது சாயத்தான் முடியும். ஆகவே கம்பிகளில் மட்டும் தொங்கும் உட்கூரை ஓர் ஊசலாகிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியில் தொங்கும் எதுவும் ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ இரண்டு வினாடி எடுக்கும். கட்டடமோ அதைவிட விரைவாக முன்னும் பின்னும் ஆடக்கூடும். இரண்டின் ஆட்டமும் ஒத்துப்போகாததால், உட்கூரை சுவரில் மோதுகிறது, விலகுகிறது, மறுபடியும் மோதுகிறது.

இத்துடன் உயரத்தின் விளைவும் சேர்கிறது. கட்டடத்தின் மேல்மாடிகள் தரையைவிடக் கடுமையாக ஆடுபவை. உச்சித் தளத்தின் முடுக்கம், அதாவது வேகம் மாறும் விரைவு, தரையினுடையதைப் போல மூன்று மடங்கு வரை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது அமெரிக்க விதிமுறைகளில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வழக்கம்.

ஒரு கூடத்தின் கணக்கு

18 மீட்டர் நீளமும் 10.8 மீட்டர் அகலமும் கொண்ட காத்திருப்புக் கூடம் ஒன்றை எடுத்துக்கொண்டால் விசைப்பாதையின் பொருள் தெளிவாகும். அதன் உட்கூரை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ எடை கொண்டது எனில், மொத்த எடை 1,944 கிலோ. கூடம் கட்டடத்தின் உச்சித் தளத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். சென்னை அடங்கிய மூன்றாம் மண்டலத்துக்கு, இந்திய நிலநடுக்க விதிமுறையான ஐ.எஸ். 1893-இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு தரும் மண்டல எண் 0.16, தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் அந்த அளவுப் பங்கு என்று வைத்து மும்மடங்காக்கினால், உட்கூரையைக் குலுக்கும் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழப் பாதியாகிறது. அப்போது உட்கூரையைப் பக்கவாட்டில் ஓடவைக்கத் தேவைப்படும் விசை அதன் எடையில் பாதி, அதாவது 972 கிலோ.

இவ்விசை எங்கிருந்து வருகிறது? நீளவாட்டில் ஒன்பது முதன்மைச் சட்டங்கள் 1.2 மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. ஒரு முனையில் அவை சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. சுவர் இழுக்கும்போது முதல் துண்டு இழுபடுகிறது, அது அடுத்த துண்டை இழுக்கிறது. நீண்ட ரயிலில் கடைசிப் பெட்டியின் கொக்கி ஒரே பெட்டியை இழுக்க, எஞ்சினை ஒட்டிய கொக்கி எல்லாப் பெட்டிகளையும் இழுப்பதுபோல, சுவரை ஒட்டிய இணைப்பின் மீதே முழுச் சட்டத்தின் விசையும் வந்து சேர்கிறது. ஒரு சட்டத்தின் பங்குக்கு 18 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பின் எடை 216 கிலோ. அதில் பாதியான 108 கிலோ, மெல்லிய தகட்டு நாக்குகளால் செருகப்பட்ட ஓர் இணைப்பின் வழியாகவும் ஒரு சிறு ரிவெட்டின் வழியாகவும் கடந்தாக வேண்டும்.

கடும் நிலநடுக்கப் பகுதிகளுக்கான சட்ட இணைப்புகள் 180 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 82 கிலோ இழுவிசையையேனும் தாங்க வேண்டும் என்று அமெரிக்கத் தரமுறை கேட்கிறது. அந்தக் குறைந்தபட்ச அளவைச் சரியாக எட்டும் இணைப்பு இக்கூடத்தில் 108 கிலோவைச் சந்திக்கும்போது பிய்ந்துபோகும். பிய்ந்த சட்டத்தின் சுமை பக்கத்துச் சட்டத்தின் மீது சாய்வதால் அதுவும் பிய்கிறது. ஒரு மூலையில் தொடங்கும் சிதைவு கூடம் முழுவதும் பரவுவது இதனால்தான். இதே உட்கூரை பத்து மீட்டர் நீளக் கூடத்தில் இருந்தால் ஒரு சட்டத்தின் பங்கு அறுபது கிலோவாகச் சுருங்கிவிடும். சிறிய அறைகளின் உட்கூரைகள் தப்பிப் பெரிய கூடங்களின் உட்கூரைகள் விழுவதற்கான முதற்காரணம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

சுவரோரத்து ஐம்பது மில்லிமீட்டர்

உட்கூரையை நான்கு சுவர்களோடும் இறுகப் பிணைத்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். நிலநடுக்கத்தின்போது எதிரெதிர்ச் சுவர்கள் எப்போதும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்வதில்லை. ஒரு சுவர் விலக மறு சுவர் நெருங்கினால், நடுவே இறுகிய சட்டம் நசுங்கும் அல்லது கிழியும். நான்கு பக்கமும் தளர்த்திவிட்டாலோ, மோதல் தொடங்குகிறது.

எனவே அமெரிக்கத் தரமுறை ஒரு நடுவழியைத் தேர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் சட்டங்கள் பிணைக்கப்படுகின்றன. அவற்றுக்கு எதிரேயுள்ள இரண்டு சுவர்களில் சட்டத்தின் முனைக்கும் சுவருக்கும் இடையே 19 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. பிணைத்த பக்கம் விசைக்கு வழி தருகிறது, விட்ட பக்கம் அசைவுக்கு இடம் தருகிறது.

இடைவெளி விடும்போது சுவரோரத் தாங்கியின் அகலம் உயிர்நாடியாகிறது. சாதாரணத் தாங்கி 22 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதில் 19 மில்லிமீட்டரை இடைவெளிக்குக் கொடுத்துவிட்டால், சட்டத்தின் முனை உட்கார மூன்று மில்லிமீட்டர்தான் மிஞ்சும், முதல் அசைவிலேயே அது நழுவிவிடும். தரமுறை கேட்கும் தாங்கியின் அகலம் இரண்டு அங்குலம், ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். அதில் 19 போக 31 மில்லிமீட்டர் எஞ்சுகிறது. உட்கூரை சுவரை விட்டு இன்னும் 19 மில்லிமீட்டர் விலகினாலும், முனைக்கு 12 மில்லிமீட்டர் பிடிமானம் இருக்கும். அதையும் மீறி நழுவினால் காப்பாற்றுவதற்காக, சுவரிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தொங்கு கம்பி தனியாகக் கட்டப்படுகிறது. பிணைக்கப்படாத முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் இடையிலுள்ள தகடுகள் விழுந்துவிடும் என்பதால், அவற்றை ஒரு குறுக்குப் பட்டையால் கோத்துவிடுவதும் இவ்வமைப்பின் பகுதி.

சாய்கம்பியும் அழுத்தத் தண்டும்

பரப்பு ஆயிரம் சதுர அடியை, அதாவது ஏறத்தாழ 93 சதுர மீட்டரைத் தாண்டினால், சுவரை மட்டும் நம்பும் முறை போதாது என்று தரமுறை சொல்கிறது. 194 சதுர மீட்டர் கொண்ட மேற்கண்ட கூடம் அந்த எல்லையைப் போல இருமடங்கு. இங்கே பக்கவாட்டு விசையை மேல்தளத்துக்கே நேராகக் கொண்டுசேர்க்கும் தாங்கல் தொகுதிகள் தேவைப்படுகின்றன.

ஒரு தொகுதியில் நான்கு சாய்கம்பிகள் நான்கு திசைகளிலும், கிடைமட்டத்தோடு 45 பாகைக்கு மேற்படாத சாய்வில், சட்டங்கள் கூடும் இடத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏறுகின்றன. அதே இடத்தில் ஒரு செங்குத்தான எஃகுத் தண்டும் உட்கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே நிறுத்தப்படுகிறது. இத்தொகுதிகள் இரு திசைகளிலும் அதிகபட்சம் 3.6 மீட்டர் இடைவெளியில், முதலாவது சுவரிலிருந்து 1.8 மீட்டருக்குள் வருமாறு, அமைய வேண்டும். 18 மீட்டர் நீளத்தில் ஐந்து, 10.8 மீட்டர் அகலத்தில் மூன்று என இக்கூடத்துக்குப் பதினைந்து தொகுதிகள் போதும். 972 கிலோவைப் பதினைந்தால் வகுத்தால் ஒரு தொகுதியின் பங்கு சுமார் 65 கிலோ; 108 கிலோவாக ஓரிடத்தில் குவிந்த விசை சிதறி, இணைப்பின் 82 கிலோ எல்லைக்குள் அடங்கிவிட்டது.

தண்டு எதற்கு என்பது பலர் தவறவிடும் நுட்பம். கம்பி இழுக்க மட்டுமே வல்லது, தள்ள வல்லதன்று. 65 கிலோ பக்கவாட்டு விசையை 45 பாகைச் சாய்வில் ஏந்தும் கம்பியின் இழுவிசை சுமார் 92 கிலோ. அந்த இழுப்பின் ஒரு பகுதி பக்கவாட்டிலும், அதே அளவான 65 கிலோ மேல்நோக்கியும் செயல்படுகிறது. ஒரு தொங்கு கம்பியின் பங்குக்கு வரும் உட்கூரையின் எடையோ 14 கிலோதான். ஆகவே தண்டு இல்லாவிட்டால், சாய்கம்பி உட்கூரையை அந்த இடத்தில் மேலே தூக்கிவிடும். சட்டங்கள் முறுகி, தகடுகள் கட்டத்தை விட்டு வெளியேறும். அழுத்தத்தை ஏற்று உட்கூரையைக் கீழேயே நிறுத்தும் இந்தத் தண்டை அழுத்தத் தண்டு என அழைப்பது பொருந்தும். சாய்கம்பிகளைக் கட்டிவிட்டுத் தண்டை விட்டுவிடும் வேலை, பாதுகாப்பு இருப்பதுபோலத் தோற்றம் மட்டுமே தரும்.

கம்பியின் முடிச்சும் கணக்கில் சேரும். கம்பி தன்னைத்தானே மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று முழுச் சுற்றுகள் இறுகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று தரமுறை சொல்கிறது. ஒன்றரைச் சுற்றோடு விடப்பட்ட முறுக்கு குலுக்கலில் அவிழ்ந்துவிடும். பரப்பு 232 சதுர மீட்டரைத் தாண்டினால், உட்கூரையைப் பிரிப்பு இடைவெளிகளால் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தனித்தனியே அசையுமாறு செய்ய வேண்டும், அல்லது விரிவான கணக்கீட்டால் அதன் பாதுகாப்பை நிறுவ வேண்டும்.

தகடு, விளக்கு, தண்ணீர்க் குழாய்

சட்டம் நின்றாலும் தகடு விழலாம். கட்டத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் தகடு, மேல்நோக்கிய உதைப்பில் எழும்பிச் சாய்ந்து விழுந்துவிடும். தகட்டின் மடிப்பைச் சட்டத்தோடு பூட்டும் கிளிப்பும், பூட்டு விட்டாலும் தகடு தலையில் விழாமல் பிடித்துக்கொள்ளும் சிறு எஃகுக் கயிறும் உலோக உட்கூரைக்கு இன்றியமையாதவை. விளக்குகள் சட்டத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எடை குறைந்தவற்றுக்கும் ஒரு தளர்ந்த காப்புக் கம்பியும், சுமார் 25 கிலோவைத் தாண்டியவற்றுக்கு மேல்தளத்திலிருந்து முழுமையான தனித் தாங்கலும் தேவை.

தீயணைப்புக் குழாய் மற்றொரு சிக்கல். குழாய் மேல்தளத்தோடு ஓடுகிறது, உட்கூரை தன்போக்கில் ஓடுகிறது. தகட்டின் துளை வழியே தலைநீட்டும் நீர்த்தெளிப்பான் இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு உடைகிறது. கட்டடம் நின்றும் தண்ணீர்க் குழாயால் மருத்துவமனை காலியாவது வெறும் அச்சமன்று. கலிஃபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்தபின் மிக வலுவாக மறுபடி கட்டப்பட்டது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அதன் கட்டமைப்பு உறுதியாக நின்றும், தண்ணீர்க் குழாய்கள் உடைந்து வெள்ளம் பெருகியதால் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. தெளிப்பானைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் 25 மில்லிமீட்டர் அசைவுக்கு இடம்தரும் அகன்ற துளை, அல்லது வளையும் குழாய் இணைப்பு என்பதே இதற்கான எளிய மருந்து.

ஜப்பான் எடுத்த முடிவு

2011-இன் அனுபவத்துக்குப் பின் ஜப்பான் அரசு 2013-இல் ஓர் ஆணை வெளியிட்டு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆறு மீட்டருக்கு மேல் உயரத்தில், 200 சதுர மீட்டருக்கு மேல் பரந்து, சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள உட்கூரைகள் தனிவகையாக வரையறுக்கப்பட்டு, அவற்றுக்கு நிலநடுக்கப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆணையின் அடிப்படை முறையில் உட்கூரை சுவரில் சாய்வதே இல்லை. சாய்ந்த எஃகுத் தாங்கல்கள் முழு விசையையும் மேலே கொண்டுசெல்ல, சுற்றிலும் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. 20 மீட்டருக்கு 15 மீட்டர் அளவுள்ள இ-டிஃபென்ஸ் என்னும் மாபெரும் குலுக்கு மேடையில், முழு அளவு உடற்பயிற்சிக் கூடத்தையே கட்டிக் குலுக்கிப் பார்க்கும் சோதனைகளும் அந்நாட்டில் நடந்தன.

அமெரிக்க முறையும் ஜப்பானிய முறையும் அளவுகளில் மாறுபட்டாலும், அடிப்படை ஒன்றே: விசைக்கு உறுதியான ஒரு பாதை தரப்பட வேண்டும், அந்தப் பாதை இல்லாத ஓரங்களில் அசைவுக்குப் போதிய இடம் விடப்பட வேண்டும். ஜப்பான் எடையைக் குறைப்பதையும் மூன்றாவது வழியாகக் கொண்டது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த உட்கூரை விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து குறைவு என்பதே அந்த எல்லையின் பொருள். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இதில் இயல்பான சாதகம் உண்டு.

வரைபடத்திலேயே தொடங்க வேண்டிய வேலை

இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி விலை உயர்ந்த கருவிகளைக் கேட்பதில்லை. அகன்ற சுவரோரத் தாங்கி, சில சாய்கம்பிகள், பதினைந்து எஃகுத் தண்டுகள், தகட்டுக்கு ஒரு கயிறு என்பவை மேற்கண்ட கூடத்தின் மொத்தச் செலவில் சிறு பங்கே. அரிதாக இருப்பது பொறுப்பு. கட்டமைப்புப் பொறியாளர் உட்கூரையை உள்ளலங்கார வேலையாகக் கருதி விடுகிறார். உள்ளலங்காரம் செய்பவர் குலுக்கலைப் பொறியாளரின் வேலையாகக் கருதுகிறார். குளிர்சாதனக் குழாய் பதிப்பவர், சாய்கம்பி செல்ல வேண்டிய இடத்திலேயே குழாயை ஓட்டிவிடுகிறார். எல்லாரும் முடித்த பிறகு தாங்கலுக்கு இடமே இருப்பதில்லை.

ஆகவே மருத்துவமனை, பள்ளி, திருமண மண்டபம், விமான நிலையம் என மக்கள் கூடும் எந்தக் கட்டடத்துக்கும், உட்கூரையின் தாங்கல் அமைப்பு கட்டட வரைபடத்தில் தனித் தாளாக இடம்பெற வேண்டும். அதற்குப் பொறுப்பான பொறியாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். தகடுகள் மூடப்படுவதற்கு முன் தண்டுகளும் முடிச்சுகளும் நேரில் சோதிக்கப்பட வேண்டும். எடையை மட்டும் தாங்குமாறு தொங்கவிடப்பட்ட உட்கூரை பாதி வேலை முடிந்த உட்கூரையே. மீதிப் பாதியை நிலநடுக்கம் வருவதற்கு முன் முடிப்பது, அதன் கீழே மக்களை அமரவைக்கும் ஒவ்வொருவரின் கடமை.